நான்காவது டிஸ்க்

…முதல் இரண்டும் புதிது, ஆளுக்கு எட்டு டிபி, இரண்டையும் ஜோடியாகக் கட்டியாயிற்று, ஒன்றில் எழுதுவது அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும், ஒன்று செத்தாலும் அப்பாவின் மூவாயிரத்துச் சொச்சம் சினிமாப் படங்களும் இன்னொன்றில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், அதில் குழப்பமில்லை, மூன்றாவது பழைய நான்கு டிபி, அதில் பாட்டுகளும் குடும்பப் போட்டோக்களும், நான்காவது… நான்காவது கட்டத்துக்கு வரும்போதெல்லாம் பென்சில் நின்றுவிடுகிறது. நோட்டில் நான்கு கட்டம் வரைந்திருக்கிறேன், மூன்று நிரம்பிவிட்டது, நான்காவது வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. "அந்தக் கேமரா பெட்டிக்குள்ள ஒரு டிபி சும்மா கிடக்கு பாரு, அதையும் அழிச்சுட்டு இதுல சேர்த்துடு, சீரியல் போட்டுக்கலாம்" என்று அப்பா காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், சும்மா கிடக்கு என்றார், கேமரா வேண்டாமா என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் "திருடன் வந்து என்னத்த எடுக்கப் போறான்" என்று அவரே சிரித்தார், அந்தச் சிரிப்பு சாதாரணமாகத்தான் இருந்தது, அதுதான் புரியவில்லை, அவருக்கு ஞாபகமே இல்லையா, அல்லது ஞாபகம் இருப்பதால்தான் அழிக்கச் சொல்கிறாரா? ஐந்தரைக்கு வந்துவிடுவார், பட்டறைத் தோழரையும் கூட்டிக்கொண்டு வருவார், "எங்க ஊமச்சி பண்ண சர்வரைப் பாக்க வாங்க" என்று நேற்றே போனில் சொல்லிவிட்டார், ஊமச்சி நான்தான், சர்வர் என்பது டிஸ்கில் இருப்பதையெல்லாம் டிவிக்கு அனுப்பும் பெட்டி, அதற்குள் நான்கு டிஸ்கும் பெட்டிக்குள் இருக்க வேண்டும், டிவியில் எல்லாம் வரிசையாக வர வேண்டும், ஒரு நூல் பிசகினாலும் அவருக்குப் பிடிக்காது, லேத்தில் இரும்பையே நூல் பிசகாமல் சீவுகிறவர். இப்போது மணி இரண்டு ஐந்து.

கேமரா பெட்டி ஹாலில் நடப்பதையெல்லாம் பதிந்து முப்பது நாள்தான் வைத்திருக்கும், முப்பத்தோராம் நாள் வந்தால் முதல் நாளின் மேலேயே எழுதிவிடும், அந்த நாள் போய் இருபத்தாறு நாள் ஆகிறது, ஆக அப்பா சொல்லாமல் இருந்திருந்தாலும் இன்னும் நான்கு நாளில் அது தானாகவே செத்திருக்கும், நான் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தேன், தினமும் காலையில் எண்ணினேன், இருபது, இருபத்தொன்று, எண்ணுவது மட்டும்தான் செய்தேன். சித்தி ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட், போன வாரம் அம்மாவின் கையைப் பார்க்க வந்தபோது சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு என் காதில் சொன்னாள், "ஆஸ்பத்திரி சீட்டுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா எழுதியிருக்குடி, உங்கம்மாவே சொல்லியிருக்கா, இனிமே நாம என்ன சொன்னாலும் அந்த பாத்ரூம்தான் நிக்கும், ஒரு நிமிஷ வீடியோ இருந்தாக்கூட போதும், ஞாயித்துக்கிழமை வர்றேன், இருந்தா உங்க ரெண்டு பேரையும் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன், இல்லைன்னா…" இல்லைன்னா என்பதை அவள் முடிக்கவில்லை, குழாயை மூடிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாளை மறுநாள். சித்தி பென் டிரைவ் கொண்டுவருவாள், அதுவரை அந்தப் பதிவு இந்த வீட்டுக்குள் எங்காவது இருக்க வேண்டும், வீட்டில் இருந்த ஒரே பென் டிரைவ் அப்பாவின் சாவிக்கொத்தில் தொங்குகிறது, அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், தொடுபோனை அவர் சுவரில் அடித்து இரண்டு வருஷமாகிறது, நெட் பாஸ்வேர்டை மாதம் ஒரு முறை மாற்றுகிறார், என் அலமாரியைத் துணி மடிப்பு வரை பிரித்துப் பார்க்கிறார், ஆக ஒரே இடம்தான் இருக்கிறது, அவருடைய டிஸ்க், அவருடைய பாட்டுகளின் கூட்டத்துக்கு நடுவில்…

கேமரா பெட்டி பழசு, அதற்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யத் தெரியும், பழையதை எடுத்துக் கொடுக்கும்போது புதிதாகப் பதியாது. மூன்றாவது டிஸ்கை அதன் உறையோடு கேபிளில் மாட்டி, தேதியைத் தேடி, பதினொரு நிமிஷத்தைக் குறித்துக் கொடுத்ததும் ஹால் மூலையில் கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்துபோயிற்று, பெட்டியின் சின்னத் திரையில் அந்த மதியம் அசையாமல் நின்றது, கீழே ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று எறும்பு போல ஊர்ந்தது. வேறு டிஸ்க் இருந்தால் வேறு டிஸ்கில் எடுத்திருப்பேன், ஜோடி இரண்டும் சர்வருக்குள் திருகி மாட்டியாகிவிட்டது, வெளியே கேபிள் போட முடிவது இது ஒன்றுதான், இதே டிஸ்க்தான். ஓரத்தில் இன்னும் சின்னதாக ஒரு நெளிவு இருக்கிறது, விரல் வைத்தால் தெரிகிறது, எழுநூறு கிராம் இருக்குமா, அரிசி அளப்பது போலக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று அம்மா டிவி மேசையைத் துடைக்கும்போது துணி மாட்டி இது கீழே விழுந்தது, அவ்வளவுதான், முழங்கால் உயரம்கூட இல்லை, அப்பா எழுந்து வந்து முதலில் டிஸ்கைத்தான் எடுத்தார், காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார், டாக்டர் மாதிரி, பிறகு அம்மாவைப் பார்த்தார், "கை இருக்குன்னு எல்லாத்துலயும் வைப்பியா" என்று கேட்டார், கத்தவில்லை, கேட்டார், அடுத்து அந்த இரும்பைக் கையில் வைத்தபடியே ஒரு முறை, அம்மா சுவரோடு நகர்ந்ததும் இன்னொரு முறை, மூன்றாவது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில், கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்தச் சத்தம் காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிப்பது போலக் கேட்டது, பதிவில் சத்தம் கிடையாது, பதிவில் அம்மா மெதுவாக உட்காருவது மட்டும்தான் தெரியும், களைப்பாக இருப்பவள் உட்காருவது போல. அதற்குப் பிறகு ஒன்பது நிமிஷம் எதுவும் நடக்காது, அதையும் சேர்த்துத்தான் எடுக்கிறேன், ஏனென்றால் அந்த ஒன்பது நிமிஷத்தில் அப்பா டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பார், அது ஓடும், முகம் மலரும், திரும்பிக் கீழே கிடப்பவளிடம் ஏதோ சொல்வார், எனக்குத் தெரியும் என்ன சொன்னார் என்று, "நல்ல வேளை, ஒண்ணும் ஆகலை" என்றார்.

நாற்பது சதவீதம். பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வாய் இல்லாததுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், டீச்சர் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், வகுப்பே சிரிக்கும், அது உண்மைதான், ஆனால் அதற்காக நான் நிற்கவில்லை, நான் வீட்டில் இருக்கும் நாட்களில் அடி பாதியாகக் குறைகிறது என்று கணக்கு வைத்துப் பார்த்துத்தான் நின்றேன், பாதி என்பது எவ்வளவு பெரிய லாபம், பத்தாம் வகுப்புப் பாடம் எதுவும் எனக்கு அவ்வளவு கொடுக்கவில்லை. இரண்டு வருஷமாக வீட்டில் இருந்து இந்தக் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டேன், அப்பாவின் படங்களுக்குப் பெயர் வைப்பது என் வேலை, படத்துக்கு ஒரு ஃபோல்டர், பெயர், பக்கத்தில் வருஷம், எழுத்து ஒன்று மாறினால் சர்வர் வேறு படத்தின் போஸ்டரை ஒட்டிவிடும், அவர் படங்களில் எத்தனை பேர் செத்திருப்பார்கள், கத்தி, துப்பாக்கி, தண்டவாளம், கொதிக்கும் எண்ணெய், எல்லாவற்றுக்கும் பெயரும் வருஷமும் போட்டு அடுக்கியவள் நான்தான், அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, கதாநாயகி அழுதால் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார், நிஜமாகவே துடைத்துக்கொள்வார். அத்தனையையும் அழிக்க ஒரு வரிக் கட்டளை போதும், ஜோடியாகக் கட்டிய டிஸ்கைப் பற்றி நிறைய பேர் தப்பாக நினைக்கிறார்கள், ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்று, டிஸ்க் தானாகச் செத்தால் சரி, கையால் அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும், ஒரு வரி எழுதி ஒரு பட்டனைத் தட்டினால் மூவாயிரமும் ஒரே மூச்சில், இருபது வருஷச் சேகரிப்பு, அவர் ஐந்தரைக்கு வந்து ரிமோட்டை அழுத்தினால் கறுப்புத் திரை, அவர் முகம் எப்படிப் போகும், அந்த முகத்தை நினைத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் இனிப்பாக ஏதோ கரைகிறது, அதோடு விட வேண்டாம், டிஸ்கைப் பிரித்து உள்ளே கண்ணாடி மாதிரி மின்னும் தட்டுகளை அவருடைய சுத்தியலாலேயே ஒவ்வொன்றாக, அவரை உட்கார வைத்து, அவர் பார்க்கப் பார்க்க, மூன்றாவது அடி தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில்… தோள் எங்கிருந்து வந்தது, டிஸ்க்குக்கு ஏது தோள்? அறுபத்தெட்டு. எழுபது.

எண்பத்தொன்றில் நின்றது. ஊர்வது நின்று, திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது, தோல்வி, மீண்டும் தொடங்கவும். கேபிள் தளர்ந்து தொங்கியது, பக்கத்தில் அம்மா இடது கையில் துடைக்கிற துணியோடு குனிந்திருந்தாள், வலது கை கழுத்தில் கட்டிய துணிக்குள், எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக என் முதுகுக்குப் பின்னால் நின்றாள், தெரியாது, "தூசியா இருந்துச்சும்மா, துடைக்கலாம்னு…" என்று ஆரம்பித்தாள். நாற்பது நிமிஷம் போச்சு என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது, மணி மூன்றே கால், இன்னும் ஐம்பது நிமிஷம் எங்கே போய் எடுப்பேன், நான் இவளுக்காக, இவளுக்காகத்தானே, இவளே வந்து… எழுந்தது தெரியும், டிஸ்கை எடுத்தது தெரியும், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கைத் தூக்கக் கூடாது, உள்ளே ஊசி தட்டில் உரசும், அது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஆனாலும் தூக்கினேன், அது என் கைக்குள் உயிருள்ள பிராணி மாதிரி நடுங்கியது, "கை இருக்குன்னு எல்லாத்துலயும் வைப்பியா!" என்று ஒரு குரல் கேட்டது, வகுப்பில் ஒரு வரி படிக்க வராத குரல், தொண்டை அடைக்காமல், தங்கு தடையில்லாமல், அவ்வளவு பெரிய குரல் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. அம்மா கத்தவில்லை. இடது கையைத் தலைக்கு மேல் வளைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கட்டுப் போட்ட தோளை உள்ளே இழுத்துக்கொண்டாள், அந்த அசைவில் ஒரு யோசனையும் இல்லை, மழை வந்தால் குடை விரிப்பது மாதிரி, யார் தூக்கினார்கள் என்றுகூட அவள் பார்க்கவில்லை. நான் எவ்வளவு நேரம் அப்படி நின்றேன்? கை மேலே இருந்தது, அது இறங்க மாட்டேன் என்றது, அதுதான் பயங்கரம், அதற்குப் பாதி வழியில் நிற்கப் பிடிக்கவில்லை, மீதி வழியும் போக வேண்டும் போல இருந்தது. வளைத்த கைக்குக் கீழிருந்து அம்மா, மிகவும் சாதாரணமாக, பால் பொங்குகிறது என்று சொல்வது போலச் சொன்னாள், "கீழ வைம்மா. அது உடைஞ்சா அப்பா சத்தம் போடுவாரு."

கீழே வைத்தேன். அவள் துணியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள், பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, ஒரு கையால் கழுவும் சத்தம் வேறு மாதிரி இருக்கும், பாத்திரம் தொட்டியில் நழுவி நழுவி இடிக்கும். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கேபிளை மாட்டி, டேப் போட்டு ஒட்டி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன், டிஸ்க் ஓடியது, நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை… இந்த வாக்கியத்தை நான்தான் நினைத்தேனா? கையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், கட்டை விரல் அடியில் அகலம், நகம் சதுரம், பிறந்தபோதே எல்லோரும் சொன்னார்களாம், அப்படியே அப்பா கை என்று, அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள், எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். நாலு ஏழுக்கு நூறு ஆனது. எங்கே வைப்பது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன், அப்பா கைவைக்காத ஒரே ஃபோல்டர், என் நான்கு வயதில் சேர்த்த குழந்தைப் பாட்டு, காக்காயும் ரயிலும் குளிக்கிற யானையுமாகப் பதினெட்டுப் பாட்டு, பத்தொன்பதாவதாக இதைப் போட்டு "எண்ணிப் பழகுவோம்" என்று பெயர் வைத்தேன். டிவியில் எந்தெந்த ஃபோல்டர் தெரிய வேண்டும் என்று சர்வருக்கு நாம்தான் சொல்ல வேண்டும், படம், பாட்டு, சீரியல் மூன்றை மட்டும் சொன்னேன், மூன்றுதான், இரண்டு முறை சரி பார்த்தேன். பிறகு கேமரா பெட்டியைத் திறந்து நான்காவது டிஸ்கைக் கழற்றி, சர்வரில் மாட்டி, அழிக்கட்டுமா என்று கேட்டது, அழி என்றேன், நிச்சயமா என்று கேட்டது, நிச்சயம் என்றேன், முப்பது நாளும் ஒரு நொடியில் போயின, ஒரு டிபி காலி. மூன்றாவதை உறையிலிருந்து எடுத்து அதன் இடத்தில் திருகினேன். ஸ்க்ரூ டிரைவர் கையில் அவ்வளவு நன்றாகப் பொருந்தியது.

ஐந்து இருபதுக்கே வந்துவிட்டார்கள். பட்டறைத் தோழர் சோபாவில் உட்கார்ந்து, "என்ன தங்கச்சி, கை எப்படி இருக்கு, பாத்ரூம்ல பார்த்து நடக்க வேண்டாமா" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார், அம்மா உள்ளிருந்தே "இப்ப பரவாயில்லண்ணே" என்றாள், அப்பா ரிமோட்டை அழுத்தினார், டிவி விழித்தது, முதல் வரிசை, புதிதாகச் சேர்ந்தவை. அந்த வரிசையில் முதல் கட்டத்தில் போஸ்டர் இல்லை. சாம்பல் நிறத்தில், உயரத்திலிருந்து பார்ப்பது போல ஒரு அறை, ஒரு மேசை, மேசைக்கு முன்னால் குனிந்த ஒரு பெண்ணின் முதுகு, தீப்பெட்டி அகலம், கீழே எண்ணிப் பழகுவோம். காலையில் சர்வர் ஓடுகிறதா என்று சோதிக்கும்போது இருப்பதிலேயே சின்ன ஃபோல்டர் எது என்று தேடி, கேபிளில் இருந்த மூன்றாவது டிஸ்கின் குழந்தைப் பாட்டைத்தான் அதற்குக் காட்டினேன், அதை எடுத்துவிட மறந்துபோனேன், நான் சரி பார்த்ததெல்லாம் சொன்ன மூன்றைத்தான், காலையில் சொன்னதை அது மறக்கவில்லை, டிஸ்க் உள்ளே வந்ததும் தானாகத் தேடி, புதிதாக ஒன்று இருக்கிறதே என்று கண்டுபிடித்து, தொடக்கத்திலிருந்து ஒரு படத்தைப் பிய்த்து, முன்வாசலில் மாட்டி வைத்திருக்கிறது. "என்னண்ணே, இந்த வயசுல எண்ணிப் பழகுறீங்களா?" என்று தோழர் தொடையைத் தட்டிச் சிரித்தார், அப்பாவும் சிரித்தார், "எங்க ஊமச்சி வேலையா இருக்கும், என்னது இது, பாப்போமா" என்றார், கட்டை விரல் பட்டன் மேல் இருந்தது, அகலமான, சதுர நகம் உள்ள கட்டை விரல், எனக்குக் குரல் வரவில்லை, மூன்றே காலுக்கு அவ்வளவு பெரிதாக வந்த குரல் இப்போது எங்கே போயிற்று, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"அது பாப்பா சின்னதுல பார்த்ததுங்க." அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், இடது கையில் டீத்தட்டு, ஒரு சொட்டு சிந்தாமல். டிவியைப் பார்த்துச் சொன்னாள், அந்தச் சாம்பல் முதுகை நேராகப் பார்த்து. "நான்தான் அவளைப் போட்டு வைக்கச் சொன்னேன். வெச்சிருக்கட்டும். நீங்க உங்க படத்தைப் போடுங்க, டீ ஆறிடும்." அப்பா "குழந்தைப் பாட்டு வேற" என்று உதட்டைப் பிதுக்கினார், கட்டை விரல் நகர்ந்தது, அடுத்த கட்டம், அதற்கு அடுத்த கட்டம், துப்பாக்கி பிடித்த ஒருவன், எரியும் லாரி, தோழர் "இதைப் போடுங்கண்ணே, சண்டை பிரமாதமா இருக்கும்" என்றார், சத்தம் பெருகியது, எலும்பு முறியும் சத்தத்தைப் படங்களில் எவ்வளவு பெரிதாக வைக்கிறார்கள்…

நான் அவளிடம் சொல்லவே இல்லை, சித்தி கேட்டதையும் சொல்லவில்லை, எடுத்து வைக்கப் போவதையும் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்தால் பயந்து அழிக்கச் சொல்வாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஆனால் மூன்றே காலுக்கு அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றபோது அந்தச் சின்னத் திரை அவளுக்கு நேராகத்தான் இருந்தது. அப்படியானால் துணி பட்டுத்தான் கேபிள் தளர்ந்ததா, அல்லது அவளே இழுத்தாளா? இழுத்திருந்தால், அது வேண்டாம் என்றுதானே இழுத்திருப்பாள், வேண்டாம் என்று இழுத்தவள் இரண்டு மணி நேரம் கழித்து எதற்காக வெச்சிருக்கட்டும் என்கிறாள், நடுவில் என்ன நடந்தது, நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா ஒரு டம்ளர் மிச்சமுள்ள தட்டை எனக்கும் நீட்டுகிறாள், நான் கை நீட்டுகிறேன், அவள் பிடி ஒரு கணம் தட்டிலேயே இறுகி, பிறகு தளர்கிறது, என் கையைத்தான் பார்க்கிறாள், முகத்தை அல்ல. மூலையில் கேமரா அப்படியே சுவரில் இருக்கிறது, விளக்கு இல்லை, அதன் டிஸ்கில் நாளையிலிருந்து சீரியல் ஓடும். நோட்டை எடுத்து நான்காவது கட்டத்தில் சீரியல் என்று எழுதுகிறேன், எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிட்டது, மூன்றே காலுக்கு மட்டும் எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை, அது எதிலும் பதியவில்லை, பார்த்தவள் ஒருத்திதான், அவள் வெச்சிருக்கட்டும் என்று சொன்னது, ஞாயிற்றுக்கிழமை சித்திக்குக் காட்டவா, அல்லது என் கை யாருடைய கை என்று எனக்கே காட்டவா…